சம்பளமில்லாத கப்பல் கயிறு அவிழ்க்கும்போது

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், பையன் கப்பலுக்குப் போகிறான் என்று சொன்னால் அடுத்து வருவது இரண்டே கேள்விகள்தாம். சம்பளம் எவ்வளவு? எத்தனை மாதக் காண்ட்ராக்ட்? கொல்லங்கோடு, தூத்தூர், பொழியூர், பாறசாலை என்று எல்லையின் இரு மருங்கிலும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள் பல வகை. சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், வளைகுடா நாடுகளில் படகில் கூலிக்குப் போகிறவர்கள், மாலுமிக்கான அடையாளப் புத்தகமான சி.டி.சி. எடுத்து வணிகக் கப்பலில் டெக்கிலோ எஞ்சின் அறையிலோ வேலை பார்க்கிறவர்கள் என்று ஒரே தெருவில் மூவரும் இருப்பார்கள். கடலுக்குப் போனவன் வீட்டுக்குப் பணம் அனுப்புவான் என்பதில் மட்டும் மூன்று வீட்டுக்கும் ஒரே எண்ணம்.

ஆகவேதான் ஞாயிறு ஆராதனையின் முடிவில், "நம் சபைப் பிள்ளை ஒருத்தி புத்தகக் கப்பலில் இரண்டு வருட ஊழியத்துக்குப் போகிறாள், மாதந்தோறும் அவளைத் தாங்குங்கள்" என்று போதகர் அறிவிக்கும்போது, கடைசி பெஞ்சில் இருக்கும் பழைய கப்பல்காரருக்குக் கணக்கு இடிக்கும். கப்பலுக்குப் போகிறவளுக்கு நாம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் கிறிஸ்தவ அறப்பணிக் கப்பல்களின் மொத்த ஏற்பாடும் வெளியே வந்துவிடும். துறைமுகத்தில் கட்டி நிற்கும்போது அந்த ஏற்பாடு கண்ணில் படாது. வண்ணக் கொடிகளும் புத்தக அடுக்குகளும் சிரித்த முகங்களும் அதை மறைத்துவிடும். கப்பல் கிளம்பத் தயாராகும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் யார் என்ன வேலை செய்கிறார்கள், செலவு யாருடையது, பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் தெரியவரும்.

இன்று இந்த வகையில் பெயர் தெரிந்த கப்பல்கள் இரண்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று புத்தகக் கப்பல். ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற அமைப்பு 1970ல் டென்மார்க்கிலிருந்து ஒரு பழைய கப்பலை வாங்கி அதற்கு லோகோஸ் என்று பெயரிட்டது. பின்னர் டூலோஸ், லோகோஸ் 2, லோகோஸ் ஹோப் என்று வரிசை நீண்டது. மற்றொன்று மருத்துவமனைக் கப்பல். மெர்சி ஷிப்ஸ் என்ற அமைப்பு 1978ல் தொடங்கப்பட்டது. அதன் ஆப்பிரிக்கா மெர்சி, குளோபல் மெர்சி ஆகிய கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நின்று இலவச அறுவைச் சிகிச்சை செய்கின்றன. சென்னை, கொச்சி மக்களுக்குப் பழக்கமானவை புத்தகக் கப்பல்கள்தாம். சிறு நுழைவுக் கட்டணம் கொடுத்து ஏறி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, பிள்ளைக்கு ஒரு படப் புத்தகம் வாங்கி இறங்கிய நினைவு பலருக்கு இருக்கும்.

இந்த யோசனை புதியதன்று. தென்திருவிதாங்கூரில் மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பணி செய்த லண்டன் மிஷன் சங்கமே தென்கடல் தீவுகளுக்கென்று தனிக் கப்பல் வைத்திருந்தது. 1844ல் கடலிறங்கிய ஜான் வில்லியம்ஸ் என்ற அந்தக் கப்பலுக்கு இங்கிலாந்தின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் அது பவளப்பாறையில் மோதி அழிந்தது. மறுபடி காசு சேர்த்து அடுத்த கப்பல் வாங்கினார்கள். அச்சுக்கும் கப்பலுக்குமான உறவு இன்னும் பழையது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்று 1578ல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடிக்கு லண்டனிலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரம் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு, பிரேசில் கரையைப் பார்த்துவிட்டுத்தான் 1712ல் வந்து சேர்ந்தது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். அந்த நாளிலிருந்தே பிள்ளைகளின் காசையும் பெரியவர்களின் உயிரையும் நம்பித்தான் இந்தப் பயணங்கள் நடந்திருக்கின்றன.

சரி, கிளம்பும் கப்பலுக்கு வருவோம். நம் பக்கத்துக்குத் தெரிந்த துறைமுகம் என்பதால் கொச்சியையே வைத்துப் பார்க்கலாம்.

கடைசிப் பார்வையாளர் இறங்கியதும் முதல் வேலை, ஆள் எண்ணுவது. ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்ற கணக்கு, கப்பலில் ஏறி இறங்கும் படிப்பாலமான கேங்வேயில் இருக்கும். சரக்குக் கப்பலில் ஒரு நாளைக்கு ஐம்பது வெளியாட்கள் ஏறினால் அதிகம். புத்தகக் கப்பலில் அது ஆயிரக்கணக்கில் போகும். ஆகவே ஒளிந்திருப்பவர் யாரும் உண்டா என்ற தேடுதல் இங்கே பெரிய வேலை. 2004 முதல் நடைமுறையில் இருக்கும் கப்பல் பாதுகாப்பு விதிகளின்படி இதைக் கடனுக்குச் செய்ய முடியாது. கழிப்பறை, சரக்கறை, உயிர்காப்புப் படகின் உட்புறம், புகைபோக்கி அறை எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அழையா விருந்தாளி ஒருவர் அடுத்த துறைமுகத்தில் வெளிப்பட்டால் அவரைத் திருப்பி அனுப்பும் செலவும் சட்டச் சிக்கலும் கப்பலின் தலையில் விழும். தர்மக் கப்பல் என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

அடுத்து, அசைவதை எல்லாம் கட்டுவது. லோகோஸ் ஹோப்பில் ஐயாயிரம் தலைப்புகள் வரை விற்பனைக்கு இருக்கும். அடுக்குகளுக்குத் தடுப்புப் போட்டு, வண்டிகளைச் சங்கிலியிட்டு, காபிக் கடையின் கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கி, குழந்தைகள் பகுதியின் பொம்மைகளைக்கூட மூட்டைகட்டி வைக்கிறார்கள். காகிதம் கனமானது. கீழே சரக்கறையில் எத்தனை டன் புத்தகம், மேல்தளத்தில் எத்தனை, தண்ணீர்த் தொட்டிகள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்ற கணக்கைப் போட்டு, கப்பல் சாய்ந்தால் நிமிருமா என்பதைப் பொறுப்பு அதிகாரி பார்த்தாக வேண்டும். முன்புறமும் பின்புறமும் நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று கரையில் நின்று அளவு எடுப்பதும் இதற்காகத்தான். கப்பல் சாய்வது எப்படிப்பட்ட விஷயம் என்பதைக் குமரிக் கரைக்கு விளக்க வேண்டியதில்லை. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கொள்கலன் கப்பல் 2025 மே மாதம் வழியில் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை நம் கடற்கரை மணலில் வந்து படிந்ததைக் கண்ணால் பார்த்தோம்.

மருத்துவமனைக் கப்பலில் இந்தக் கட்டும் வேலைக்கு வேறொரு பாரம் உண்டு. நோயாளியை வைத்துக்கொண்டு கப்பலை நகர்த்த முடியாது. புறப்படும் தேதி என்ன என்பது அறுவைச் சிகிச்சை அட்டவணையைப் பல வாரங்களுக்கு முன்பே சுருக்கத் தொடங்கிவிடும். ஆற நாளெடுக்கும் பெரிய சிகிச்சைகளை முதலில் முடித்து, சில நாளில் ஆறிவிடும் சின்ன சிகிச்சைகளைக் கடைசியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்டாக மூடுகிறார்கள். கட்டில்களைத் தரையோடு பிணைக்கிறார்கள். எக்ஸ்ரே, மயக்க மருந்துக் கருவிகள் எல்லாவற்றையும் இறுகக் கட்டுகிறார்கள். வரிசையில் நின்றும் முறை வராமல் போனவர்களிடம் "இனி இல்லை" என்று சொல்லும் வேலையும் யாரோ ஒருவருக்கு வந்து சேரும். இந்த இடத்தில்தான் எனக்கு நெய்யூர் நினைவுக்கு வருகிறது. 1838ல் சிறியதாகத் தொடங்கிய மருத்துவப் பணி அது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1920களில் அங்கே வந்து இருபது ஆண்டுக்கும் மேல் கத்தி பிடித்தார். நெய்யூர் எங்கும் கிளம்பிப் போகவில்லை. தையல் பிரிந்தால் மறுநாள் நடந்து போய்க் காட்டலாம். கப்பல் மருத்துவமனையின் பலமே தன் மின்சாரம், தன் தண்ணீர், தன் படுக்கை, தன் ஆட்கள் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருவது. இவை எதுவும் இல்லாத ஊரில் அது பெரிய வரம். ஆனால் சுமந்து வந்ததைச் சுமந்துகொண்டு போய்விடவும் செய்யும். உள்ளூர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுப்பதில் இந்த அமைப்பு இப்போது காட்டும் அக்கறைக்கு இந்தக் குறையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதற்கிடையில் கரையில் காகித வேலை ஓடிக்கொண்டிருக்கும். சுங்கத்துறையின் எழுத்துமூல உத்தரவு இல்லாமல் எந்தக் கப்பலும் இந்தியத் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப முடியாது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்கிறது. துறைமுகக் கட்டணம், துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுக்கான கட்டணம், கப்பலை இழுக்கும் டக் படகுக் கட்டணம், தண்ணீருக்கான பணம் எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும். குடியேற்ற அதிகாரிகள் ஆள் பட்டியலைச் சரிபார்ப்பார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாட்டவர் ஒரே கப்பலில் இருந்தால் அந்தப் பட்டியல் எவ்வளவு தலைவலி என்பதைக் கப்பலின் கரை வேலைகளைக் கவனிக்கும் ஏஜென்ட்தான் அறிவார். அறப்பணி என்பதற்காகச் சில துறைமுகங்கள் கட்டணத்தைக் குறைப்பது உண்டு. குறைத்தாலும், இறக்கி வைத்த குப்பைக்கும் ஏற்றிய எண்ணெய்க்கும் முழுப் பணம்தான். கப்பல் சும்மா நின்றாலும் ஜெனரேட்டர் ஓடும், எண்ணெய் எரியும். இந்தச் செலவைக் கேட்டால், அதே காசில் கரையில் எத்தனை நூலகம் நடத்தலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. நூலகத்தைப் பார்க்க இத்தனை ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்களா என்ற எதிர்க் கேள்வியும் கூடவே வருகிறது.

கரை விடுப்பு எப்போது முடிகிறது என்று கேங்வே அருகில் பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். அதற்குள் எல்லோரும் ஏறியாக வேண்டும். எர்ணாகுளத்தில் கடைசி நேரத்தில் சோப்பும் சிம்கார்டும் வாங்கப் போனவர்கள் ஓடிவருவதும், ஒருவரின் பெயர் மட்டும் இன்னும் 'கரையில்' என்று காட்டுவதும், ஒலிபெருக்கியில் அவரைத் தேடுவதும் எல்லாக் கப்பலிலும் நடக்கும் கூத்து. புறப்படுவதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சுக்கான் இயந்திரத்தைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். நீலத்தில் வெள்ளைச் சதுரம் போட்ட கொடி ஏறினால் கப்பல் கிளம்பப்போகிறது என்று பொருள். பைலட் ஏறியதும் வெள்ளையும் சிவப்புமாக இன்னொரு கொடி.

பிறகு கயிறு. கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு சடங்கு. டெக்கில் நிற்பவர்களுக்கு முழுப் பயணத்திலும் ஆபத்தான நேரங்களில் ஒன்று. முதலில் ஒன்றிரண்டு கயிறுகளை மட்டும் விட்டு மற்றவற்றை அவிழ்த்துச் சுருட்டுகிறார்கள். டக் படகுகள் இழுவைக் கயிற்றை வாங்கிக்கொள்கின்றன. இறுகியிருக்கும் கயிறு அறுந்தால் அது திரும்பி வீசும் வேகத்தில் கால் போகும், உயிரும் போகும். அதனால்தான் கயிறு சுற்றும் வின்ச் அருகே எங்கே நிற்கக் கூடாது என்பதை, டெக் ஆட்களின் தலைவரான போசன் திரும்பத் திரும்பக் கத்துகிறார். அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர்களில் ஒருவர் போன வருடம் பிலிப்பைன்ஸில் கணினி படித்துக்கொண்டிருந்தவராக இருக்கலாம். இன்னொருவர் பிரேசிலில் தச்சர். பக்கத்தில் நிற்பது மார்த்தாண்டத்தில் பி.காம். முடித்த பையன். தலைக்கவசம், கையுறை, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் இருபது வருடம் கயிற்றோடு வாழ்ந்த கை அவர்களுக்கு இல்லை. அந்நேரம் வேலையில்லாதவர்கள் மேல்தளத்தில் நின்று கையசைத்துப் பாடிக்கொண்டிருக்கும்போது, கீழே இந்தப் பதினைந்து இருபது பேர் வாய் திறக்காமல் வேலை செய்கிறார்கள்.

கப்பல் நகர்கிறது. கொச்சித் துறைமுகம் இருக்கும் வில்லிங்டன் தீவு என்பதே பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கடல்வழியை ஆழப்படுத்தி எடுத்த மண்ணால் ஆனது. 1928ல்தான் பெரிய கப்பல் உள்ளே வர வழி பிறந்தது. அந்தத் தோண்டிய வாய்க்காலுக்குள்ளேயேதான் வெளியேறவும் வேண்டும். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் நம் தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகள் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு நிற்கும். வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே, சீன வலைகளை ஒட்டினாற்போல் போகும்போது, கரையில் நிற்பவரின் சட்டை நிறம்கூடத் தெரியும். அதைத் தாண்டி நெடுந்தூரம் போனபின், ஓடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் பைலட் இறங்கித் தன் படகுக்குத் தாவுகிறார். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதமென்றால் இந்த இறக்கமே பார்ப்பவர் நெஞ்சைப் பிடிக்கும்.

அத்துடன் பாட்டு நின்றுவிடும், அலையாட்டம் தொடங்கிவிடும். லோகோஸ் ஹோப் 1973ல் பால்டிக் கடலில் குறுந்தூரம் போய்வரும் பயணிக் கப்பலாகக் கட்டப்பட்டு, பிறகு ஃபாரோ தீவுகளுக்கு ஓடியது; நீளம் 132 மீட்டருக்குச் சற்று மேல். கடல் பார்க்காதவர்களுக்கு முதல் இரவு கொடுமையானது. காதின் உட்பகுதி சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததால் வரும் மயக்கம் அது. ஜன்னலே இல்லாத கீழ்தளக் கேபினில் படுத்திருந்தால் இன்னும் மோசமாகும். கப்பலின் நடுப்பகுதியில் திறந்தவெளிக்கு வந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் தெரிந்த மருந்துகளில் நல்லது. ஆனால் சமையலறைப் பணியில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. முந்நூறு நானூறு பேருக்குக் காலை உணவு தயாராக வேண்டும், வயிறு என்ன சொன்னாலும். சோறு கிடைக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கிடைக்காது.

அலை பழகுவதற்குள் மணி அடிக்கும்: ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. எல்லோரும் உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு தங்கள் இடத்தில் நிற்க வேண்டும். பயணிகள் கப்பலில் தீயணைப்புப் பயிற்சியும் கப்பலைக் கைவிடும் பயிற்சியும் வாரம் ஒருமுறை நடக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பணியாளர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முந்தைய மாதத்தில் அந்தக் கப்பலில் பயிற்சி பெறாதவர்கள் என்றால், துறையை விட்டு 24 மணி நேரத்துக்குள் நடத்தியே தீர வேண்டும். புதியவர்கள் கூட்டமாகச் சேரும் கப்பலுக்கு இந்த விதி வெறும் எழுத்தாக இருக்க முடியாது. முதல் லோகோஸ் கப்பல் 1988 ஜனவரியில் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கிளம்பி, பீகிள் கால்வாயில் பாறையில் ஏறிக்கொண்டது. குழந்தைகள் உட்பட நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. கடவுள் காத்தார் என்று அவர்கள் சொல்வார்கள்; வாராவாரம் அடித்த அந்த மணிக்கும் அதில் பங்குண்டு என்று நான் சேர்த்துக்கொள்வேன். கடலைவிட மனிதரிடமிருந்து ஆபத்து வந்த கதையும் உண்டு. 1991 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸின் சாம்போங்கா நகரில் டூலோஸ் கப்பலின் குழுவினர் நடத்திய மேடை நிகழ்ச்சியில் கையெறிகுண்டு வீசப்பட்டது. கப்பலைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். சமையல், அறிவியல், அகராதி, சிறுவர் நூல் என்று எல்லாம் விற்றாலும் இது கிறிஸ்தவ ஊழியக் கப்பல் என்பதை அமைப்பு மறைப்பதில்லை. எல்லா ஊரும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதுமில்லை.

இனி அந்தப் பணக் கணக்கு.

லோகோஸ் ஹோப்பில் கேப்டன் முதல் தட்டு கழுவுபவர் வரை யாருக்கும் சம்பளம் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் தங்குமிடம், உணவு, காப்பீடு ஆகியவற்றுக்கான செலவைச் சொந்த ஊர்ச் சபை, நண்பர், உறவினர் மூலமாகத் திரட்டிக்கொண்டு வர வேண்டும். மெர்சி ஷிப்ஸ் கப்பல்களிலும் மருத்துவர், செவிலியர் உட்படத் தொண்டர்கள் மாதக் கட்டணம் செலுத்தித்தான் தங்குகிறார்கள். சாதாரணக் கப்பலில் பெருஞ்செலவுகளில் ஒன்றான சம்பளப் பட்டியல் இங்கே செலவுப் பக்கத்திலிருந்து வரவுப் பக்கத்துக்கு மாறிவிடுகிறது. இந்த மாற்றம் இல்லாவிட்டால் புத்தகம் விற்ற காசில் இவ்வளவு பெரிய கப்பலை ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது என்பது என் கணிப்பு.

கேட்டதும் நெருடும் இடம் இதுதான். மாலுமியிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் உள்ள அடிப்படை விதி. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், மாலுமி அடையாளப் புத்தகம் போன்ற சில செலவுகளே அவன் தலையில் விழலாம். இந்தியா 2015ல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சங்களைக் கறந்துகொண்டு, இல்லாத கப்பலுக்கு ஆளை அனுப்பும் ஏஜென்டுகளால் அடிபட்ட வீடுகள் எல்லையின் இரு பக்கமும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில், "கப்பலில் சேர மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும்" என்பதைச் சந்தேகத்தோடு கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. வேறுபாடு இங்கே இருக்கிறது: ஏஜென்ட் சம்பளம் வரும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறான், தொண்டுக் கப்பல், சம்பளம் வராது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுகிறது. அதை வேலை என்ற பெயரிலேயே யாரும் கொடுப்பதில்லை. ஆகவே இந்தக் கப்பல்களின் பெயரைச் சொல்லி இடைத்தரகர் ஒருவர் கமிஷன் கேட்டால், அவர் பொய்யர் என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

ஆனால் உடம்பு வேறுபாடு பார்ப்பதில்லை. எஞ்சின் அறையில் நான்கு மணி நேரக் காவல் முறையில் ('வாட்ச்') பணிக்கு நிற்பவருக்குச் சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூக்கம் ஒன்றுதான். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது பத்து மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்ற விதி காவல் நிற்பவர்களுக்காக இருக்கிறது. ஊழியம் என்ற வார்த்தை இருக்கும் இடத்தில் "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று சொல்லக் கூசுகிறவர்கள் உண்டு. நம் சபைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். அனுப்புகிற பெற்றோர் பேச வேண்டியது பணத்தைவிட இதைத்தான் என்பேன்.

வாழ்க்கை முறையும் கட்டுப்பாடு நிறைந்தது. தனியாக வந்தவர்கள் இரண்டு முதல் நான்கு பேராக ஒரு கேபினைப் பகிர்கிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே பள்ளி உண்டு. தனியாக வந்த இளையவர்களை ஒரு குடும்பத்தோடு சேர்த்து 'கப்பல் குடும்பம்' ஆக்கும் பழக்கம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் ஜெபிப்பதும். முதல் ஆண்டில் காதல் உறவு தொடங்கக் கூடாது என்ற விதியும் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. நம் ஊர்த் தாய்மார்களுக்கு இதைக் கேட்டதும் பாதிக் கவலை தீரும். கப்பல் நட்பு பின்னாளில் கல்யாணத்தில் முடிந்த கதைகளும் ஏராளம் என்பதை அவர்களிடம் சொல்லாமல் விடுவது நல்லது. பேச்சுமொழி ஆங்கிலம். ஜெப முறை பெரும்பாலும் சுவிசேஷ வகைப் புராட்டஸ்டன்ட் சபைகளுடையது. மேற்குக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்க ஊர்களிலிருந்து போகும் ஒருவருக்கு நற்கருணை இல்லாத ஞாயிறுகள் பழக நாளெடுக்கும்.

சம்பளமில்லாத ஏற்பாட்டின் விலை எங்கே தெரிகிறது என்று கேட்டால், இரண்டு இடங்களைக் காட்டுவேன். ஒன்று கப்பலின் வயது. மெர்சி ஷிப்ஸ் தன் நோக்கத்துக்கென்றே புதிதாகக் கட்டிய குளோபல் மெர்சி 2021ல்தான் கைக்கு வந்தது. அதற்கு முன் எல்லாமே யாரோ ஓட்டித் தள்ளிய கப்பல்கள். ஆப்பிரிக்கா மெர்சி டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்ற படகு. டூலோஸ் 1914ல் கட்டப்பட்டது, டைட்டானிக்குக்கு இரண்டே வயது இளையது. 2009 இறுதிவரை மனிதர்களை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றியது. கடைசியில் சிங்கப்பூரில் ஆய்வாளர்கள் கேட்ட பழுதுபார்ப்பின் செலவு தாங்க முடியாமல்தான் நின்றது. இன்று இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் கரையேற்றப்பட்டு ஓட்டலாக இருக்கிறது. இப்படிப்பட்ட பழைய இரும்பை ஓட வைப்பது எஞ்சின் அறையில் இருப்பவர்களின் வியர்வை.

இரண்டாவது இடமும் அந்த எஞ்சின் அறைதான். புத்தகம் அடுக்கவும் மேடையில் பாடவும் இளைஞர்கள் எப்போதும் கிடைக்கிறார்கள். தகுதிச் சான்றிதழ் உள்ள எஞ்சினியர், எலக்ட்ரீசியன், டெக் அதிகாரி, அனுபவமுள்ள போசன் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் சான்றிதழ் பெற்றவர்கள் இல்லாமல் எந்தத் துறைமுகமும் கப்பலை வெளியே விடாது. சந்தையில் நல்ல சம்பளம் வாங்கக்கூடிய இவர்களிடம்தான் சம்பளமில்லாமல் வா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த அமைப்புகள் கடல் தொழில் தெரிந்தவர்களைக் குறுகிய காலத்துக்குக்கூட ஏற்கின்றன, ஓய்வுபெற்றவர்களையும் வரவேற்கின்றன. மார்த்தாண்டம், நாகர்கோவில், நெய்யாற்றின்கரைச் சபைகள் இருபது வயதுப் பிள்ளைகளையே தேடித் தேடி அனுப்புகின்றன. முப்பது வருடம் எஞ்சின் அறையில் கழித்து, சான்றிதழ் இன்னும் காலாவதியாகாமல், வீட்டுத் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் எஞ்சினியரிடம் ஆறு மாதம் போய்வருகிறீர்களா என்று எந்தப் போதகரும் கேட்டதாகத் தெரியவில்லை.